ஆடிப்பெருக்குக்குக் கல்லணை வருகிறவர்களுக்கு

கோவையிலிருந்து ஆடி 18 அன்று குடும்பத்தோடு கல்லணை வரப்போவதாகவும், அங்கேயே குளித்து, காவேரி அம்மனைக் கும்பிட்டு, புதிதாகக் கல்யாணமான தம்பியின் மாலையை ஆற்றில் விட்டுவிட்டு, சாயந்திரம் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே 68 வயது அம்மா, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாதுகாப்பா, என்னென்ன விதி, என்ன எடுத்து வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லணையைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம். குளிப்பதும் பூஜையும் மாலை விடுவதும் வேறு துறையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துறை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று விளங்க வேண்டும். காரணம் தெரியாமல் விதியை மட்டும் கேட்டால், அங்கே போய் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் மனசு மாறிவிடும்.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரன். அப்பா வெண்ணாற்றில் தண்ணீரைத் திறந்து அடைக்கும் ஒரு ரெகுலேட்டரில் லஸ்கராக, அதாவது ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியராக வேலை பார்த்தவர். மேலேயிருந்து தகவல் வந்தால், ராத்திரி எந்த நேரமானாலும் டார்ச் லைட்டும் ஷட்டர் திருகும் கைப்பிடியுமாகக் கிளம்பிவிடுவார். எனக்கு எட்டு வயது இருக்கும். ஒருநாள் கூடப் போயிருந்தேன். தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் ஒரு வேலிக்குச்சியை நட்டார். என் கையில் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, “இதைத் தின்னுட்டு இரு, குச்சியைப் பார்த்துட்டே இரு” என்றார். ஆற்றில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதே நிறம், அதே சத்தம், அதே வேகம். நாலாவது முறுக்கு தின்னும்போது குச்சியைப் பார்த்தால் பாதி தண்ணீருக்குள் இருந்தது. கரையோரம் நான் கழற்றி வைத்த செருப்பு இரண்டையும் காணோம்.

கல்லணையில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். அங்கே ஆறு எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்வது ஷட்டர். மழை இருக்காது, மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் மட்டும் ஏறும். முழங்கால் அளவு என்று இறங்கினால், திரும்புவதற்குள் இடுப்பளவு ஆகிவிடலாம். சங்கு ஊதினாலோ ஒலிபெருக்கியில் சொன்னாலோ அப்போதே மேலே ஏறிவிட வேண்டும். “இன்னும் ரெண்டு முங்கு” என்று நிற்கக் கூடாது. எங்கே நின்றாலும் அந்தக் குச்சி வேலையைச் செய்யுங்கள். ஒரு குச்சியை நடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏறுகிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை.

கல்லணையில் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தால் இடமே வேறு மாதிரித் தெரியும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அது மூன்று நாலு நாளில் இங்கே வந்து சேரும். இங்கிருந்து காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மூன்றாகப் பாசனத்துக்குப் பிரியும். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்போம், மேட்டூர் அணை வந்த 1934-ஐ ஒட்டி வெட்டியது. மிஞ்சுகிற தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போகும். ஒன்றில் குறைத்தால் இன்னொன்றில் ஏறும். ஆகவே, “காவேரியில் தண்ணி கம்மியாத்தான் இருக்கு” என்று கொள்ளிடத்தில் இறங்குவதும், “கொள்ளிடம் காஞ்சு கிடக்கு” என்று அதன் நடு மணலில் ஜமுக்காளம் விரித்துச் சோறு கட்டி உண்பதும் இரண்டுமே தப்பு. மணல் திட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, தண்ணீர் முதலில் வருவது பின்னால்தான். கரைக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் முதலில் நிரம்பும். திரும்பிப் பார்க்கும்போது தீவில் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது ஷட்டருக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆட்களின் உயிரை வாங்கும் இடம் அதுதான். ஷட்டரின் அடியில் பீறிட்டு வரும் தண்ணீர் சிமெண்ட் தளத்தில் அடித்து, தளம் முடிகிற இடத்தில் மணலை அரித்துப் பள்ளம் பறிக்கும். எங்கள் ஊரில் அதை மடு என்போம், ஆழமாக இருந்தால் கசம். மேலே பார்த்தால் நுரையும் சின்னச் சின்ன அலையும்தான் தெரியும். கவனித்துப் பாருங்கள், நுரை கீழ்நோக்கிப் போகாமல் ஷட்டரைப் பார்த்தே திரும்பி வரும். மேல் தண்ணீர் பின்னால் உருளும், கீழ்த் தண்ணீர் முன்னால் பாயும். அந்தச் சுருளுக்குள் விழுந்த ஆளை அது மேலே தள்ளும், ஷட்டர் பக்கம் இழுக்கும், அமுக்கும், மறுபடி தள்ளும். நீச்சலில் கப்பு வாங்கியவனாக இருந்தாலும் அங்கே அது செல்லாது. நுரைக்குள் காற்று நிறைய இருப்பதால் உடம்பு மிதப்பதும் குறைவு.

“முழங்கால் தண்ணிதானே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வினாடிக்கு 10,000 கன அடி என்று செய்தியில் சாதாரணமாகச் சொல்வார்கள். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 2.83 லட்சம் லிட்டர், அதாவது 283 டன் உங்களைக் கடந்து போகிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். மணல் தரையில் நிற்கும்போது காலடியிலிருந்து மணலும் கரைந்துகொண்டே இருக்கும். ஊன்றி நிற்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மேட்டூர் நிலவரத்தைச் செய்தியில் பாருங்கள். அணையின் முழு உயரம் 120 அடி. அதை நெருங்கிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். ஆடி மாதம் கர்நாடகத்தில் மழை பிடித்துவிட்டால் இந்த நிலை சட்டென்று வரும். ஆனால் மேட்டூர் எண் மட்டும் போதாது. பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழேதான் காவேரியில் சேருகின்றன. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் எவ்வளவு கொள்ளிடத்துக்குத் திருப்புகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ள அபாய எச்சரிக்கை என்ற வார்த்தை திருச்சி அல்லது தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வந்திருந்தால் ஆற்றுப் பக்கமே அன்றைக்கு வேண்டாம். அணையைக் கட்டியாள்பவர்களுக்கே ஆறு எதிர்பாராததைச் செய்யும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய அணையில் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதை நினைத்துக்கொள்ளுங்கள். 1830-களில் கட்டி, அத்தனை வெள்ளத்தையும் தாங்கி நின்ற அணை அது.

கல்லணையில் இன்னொரு ஆபத்து நல்ல மனசிலிருந்தே வருகிறது. கரிகாலன் வைத்த கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கீழே இறங்கப் பார்ப்பார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்க்கும் பாலமும் ஷட்டர்களும் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்த வேலை. பெரும் பாறைகளை ஆற்று மணலில் போட்டு, அவை தன் எடையிலேயே புதையப் புதைய மேலே மேலே அடுக்கி, நடுவில் களிமண் பூசி, பாம்பு நெளிவது மாதிரி வளைவாகக் கட்டிய பழைய அணை இதற்கு அடியில் இருக்கிறது. நீளம் சுமார் 1,080 அடி. மணல் ஆற்றில் அஸ்திவாரம் போடும் இந்த முறையைப் பார்த்து வியந்துதான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கோதாவரியில் தவிளேஸ்வரம் அணையைக் கட்டினார். அவர் சிலை இங்கே இருக்கிறது, கரிகாலன் யானை மேல் இருக்கும் மணிமண்டபமும் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். கல்லைத் தேடிக் கீழே இறங்கினாலும் தண்ணீரும் சிமெண்டும்தான் தெரியும்.

பாலத்தின் மேலே நடக்கும்போது சின்னவனின் கையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், பெரியவனிடம் ஒப்படைக்காதீர்கள். சாலை குறுகல், திருவிழா நாளில் பைக்குகள் இடித்துக்கொண்டு வரும். கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைத்து போட்டோ எடுக்கும் வேலை கூடவே கூடாது. போட்டோ எடுக்கிறவர் பின்னால் பார்க்காமல் நகர்வதும் ஆபத்துதான்.

சரி, எங்கே குளிப்பது? திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர், பெரிய கோயில் போகும் திட்டத்தோடு ஒட்டி வரும். திருச்சியிலேயே முடிப்பதென்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம். இரண்டு இடத்திலும் ஆடி 18 அன்று கூட்டம் நெரியும். ஆனால் போலீஸும் தீயணைப்புத் துறையும் நிற்பார்கள், தடுப்புக் கட்டியிருப்பார்கள், படி இருக்கும். அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் உங்கள் ஆறு. ஏழு மணிக்குள் போய்விட்டால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். அன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தால், சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், காவேரி கோபித்துக்கொள்ள மாட்டாள். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் மேல் படியிலேயே வைத்துக் கும்பிடலாம். எங்கள் பாட்டி கடைசி வரை அப்படித்தான் செய்தார்.

மாலை விடும் விஷயத்தில் உங்கள் தம்பியையும் அவர் மனைவியையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். மாலை கரையோரம் ஒதுங்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் போக வேண்டும் என்று நினைத்து இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று இறங்குவார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண் அப்படிப் போனாள். கல்யாணமாகி நாற்பது நாள். தண்ணீருக்குள் இருந்த படியில் பாசி, பட்டுப் புடவை, இரண்டு கையிலும் மாலை. கால் வழுக்கியதும் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. புடவை தண்ணீரைக் குடித்து, காலைச் சுற்றிக்கொண்டு, ஆளை அப்படியே இழுத்தது. பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையிலிருந்த ஈரப் புடவையை முறுக்கி வீசினார். அந்த முனை அவள் கையில் மாட்டியதால்தான் இன்றைக்கு அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மாலையைப் படியில் நின்றபடி ஒரு தட்டில் வைத்து நகர்த்தி விடச் சொல்லுங்கள், அல்லது அங்கே பழகிய ஒருவரிடம் கொடுத்து விடச் சொல்லுங்கள். தண்ணீரில் இறங்கும் பெண்கள் சுடிதாரோ நைட்டியோ போட்டுக்கொண்டு, குளித்தபிறகு பட்டு கட்டிக்கொள்ளலாம். வேட்டியும் இதே மாதிரிதான், தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரே விதி போதும்: பெரியவர் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பெரியவர் யார் என்று பெயர் சொல்லி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக் கூடாது. முழுகும் குழந்தை கத்தும், கையை ஆட்டும் என்று நினைக்காதீர்கள். சத்தமே வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். விளையாடுகிறது போலத்தான் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

யாராவது தவறி விழுந்தால் நீங்கள் பின்னாலேயே குதிக்காதீர்கள். சொல்வது சுலபம், பெற்றவர்களுக்கு மனசு கேட்காது என்று தெரியும். ஆனாலும் காவேரிக் கரையில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், நாலு பேர் போவது ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று வரிசையாக இறங்குவதால்தான். முழுகுகிறவர் கிடைத்ததைக் கட்டிப் பிடித்து அமுக்குவார். கரையில் படுத்துக்கொண்டு குச்சி, துண்டு, புடவை எதையாவது நீட்டுங்கள். இதற்காகவே ஒரு பொருள் எடுத்து வரச் சொல்கிறேன்: காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று, மூடியை இறுக்கி, கைப்பிடியில் முப்பது நாற்பது அடி நைலான் கயிறு கட்டி. வீசும்போது தூரம் போக வேண்டும் என்பதற்காக உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் ஒரு ஆளைத் தாங்கும். வீட்டில் சும்மா கிடக்கும் கேன்தான், கார் டிக்கியில் இடமும் பிடிக்காது. சுழலில் மாட்டியவருக்குக் கத்திச் சொல்ல வேண்டியது: எதிர்த்து நீந்தாதே, மல்லாந்து மித, ஓட்டத்தோடு போய்ச் சாய்வாகக் கரை சேர்.

வெளியே எடுத்த பிறகு நம் ஊரில் செய்யும் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது. இன்னொன்று, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. இரண்டும் வயிற்றில் இருப்பதை மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடும், பொன்னான நேரத்தையும் தின்றுவிடும். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சு நடுவில் 30 முறை அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் இறங்குமளவு அழுத்த வேண்டும், வினாடிக்கு இரண்டு என்ற வேகம். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுந்து உட்கார்ந்து “நல்லாத்தான் இருக்கேன்” என்றாலும் ஆஸ்பத்திரி போயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும். ஊரிலிருந்து கிளம்புமுன் இந்த முப்பது இரண்டு கணக்கை ஒரு தலையணையில் தம்பியோடு சேர்ந்து பழகிப் பாருங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. ரப்பர் செருப்பு வழுக்கும், பின்வார் வைத்த செருப்பு போடுங்கள். கரையில் உடைந்த பாட்டில் கிடக்கும் என்பதால் வெறுங்கால் வேண்டாம். பிள்ளைகள் மணிக்கட்டில் பேனாவால் உங்கள் போன் எண். அம்மாவின் மாத்திரைகள், மருந்துச் சீட்டு, குடை, ஒரு மடக்கு நாற்காலி. சித்ரான்னம் கட்டிக்கொண்டு வந்தால் மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், தேங்காய்ச் சாதம் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். கல்லணையில் வறுத்த மீன் வாசனை இழுக்கும். கண் முன்னால் வறுத்துக் கொடுத்தால் மற்ற நாளில் தாராளமாகச் சாப்பிடுங்கள், அன்றைக்குப் பூஜை நாளென்பதால் உங்களுக்குத் தேவைப்படாது. குடித்துவிட்டுக் கூட்டமாக நிற்பவர்கள் இருக்கும் பக்கம் போகாமல் நகர்ந்துவிடுங்கள்.

வழி: திருச்சியிலிருந்து வந்தால் திருவானைக்காவல், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் காவேரிக் கரைச் சாலை. அழகான சாலை, ஆனால் ஒடுக்கம். சில இடங்களில் ஆற்றுப் பக்கம் தடுப்பே இருக்காது. எதிரே பஸ் வந்தால் நின்று வழிவிடுங்கள், பகலிலேயே கடந்துவிடுங்கள்.

என்னிடம் கேட்டால் அன்றைய திட்டத்தை இப்படி வைப்பேன். முந்தின ராத்திரி தஞ்சாவூரில் தங்கல். விடிகாலை திருவையாற்றில் பூஜை. பத்து மணிக்குள் அங்கிருந்து கிளம்பி, திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை. ஒரு மணி நேரம் பாலம், மணிமண்டபம், பூங்கா. சாப்பாட்டுக்குப் பிறகு தஞ்சாவூருக்குத் திரும்பினால், மத்தியானம் சாத்திய நடையைப் பெரிய கோயிலில் நாலு மணிக்குத் திறக்கும் நேரம் சரியாக இருக்கும். கல்தளத்தின் சூடும் அதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்படியும் சின்னவனுக்கும் அம்மாவுக்கும் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்து வையுங்கள், செருப்பை வெளியே விட்டபிறகு பிரகாரத்தைச் சுற்றிவர அது உதவும்.